அம்மம்மாவின் முகத்தில் சாம்பல் பூத்தது ஏன்? – பிக்சல் ஓவியம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் நிலக்காட்சியைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை நிலக்காட்சியை விட்டுவிட்டு முகத்தைப் பற்றியே கேட்கின்றன. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பிக்சல் ஓவியத்தில் படம் முழுவதும் பிக்சல் எனப்படும் சிறு சதுரங்களாலேயே ஆனது. நம் திருகோணமலையின் கோணேசர் மலை விளிம்பு இரண்டு பிக்சல் தள்ளிப்போனால் எவரும் கவனிக்க மாட்டார்கள். கண் ஒரு பிக்சல் தள்ளிப்போனால் வரைந்த ஆளே மாறிவிடுவார். ஒரு கடிதத்துக்கு மட்டும் நீண்ட பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும். அவர்கள் கேட்டவற்றில் பலவற்றுக்கு விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி (உவர்மலையிலிருந்து ஒரு வாசகி): ஐயா, காலமான என் அம்மம்மாவின் புகைப்படத்தைப் பார்த்து 64க்கு 64 கட்டத்தில் உருவப்படம் ஒன்று வரைந்தேன். கறுப்புக் கோட்டால் முகத்தைச் சுற்றி வரைந்து, உள்ளே மண்ணிறம் நிரப்பி, நிழலுக்குக் கறுப்பையும் வெளிச்சத்துக்கு வெள்ளையையும் கலந்தேன். எண்ணிப் பார்த்தால் 41 நிறங்கள் வந்துவிட்டன. முகம் உப்பிப்போய், சாம்பல் பூசியது போல இருக்கிறது. அம்மாவிடம் காட்டியபோது "இது ஆர்?" என்று கேட்டார். எங்கே பிழைத்தது?

பதில்: சகோதரி, நீங்கள் இணைத்து அனுப்பிய படத்தைச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் பலமுறை பார்த்தேன். கண்கள் அமைந்த இடமும், மூக்குக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரமும் புகைப்படத்தோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன. பிழை ஒளியில் தொடங்கியிருக்கிறது. நிறத்துக்கு அது பிறகுதான் வந்து சேர்ந்தது.

முகத்தின் ஓரமெங்கும் இருட்டாகவும், நடுவை நெருங்க நெருங்க வெளிச்சமாகவும் நிழலிட்டிருக்கிறீர்கள். வெளிக்கோட்டின் வடிவத்தையே உள்நோக்கிப் படிப்படியாகப் பிரதி செய்துகொண்டு போனால், எந்தப் பொருளும் பஞ்சடைத்த தலையணையாகத்தான் தெரியும். பிக்சல் ஓவியர்கள் இதற்குத் தலையணை நிழல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உங்களைத் தவறான வழியில் விட்டது அந்தப் புகைப்படம்தான். கமராவின் பிளாஷ் ஒளி நேரே முகத்தில் அடித்ததால், மூக்கின் பக்கமோ கன்னத்தின் கீழோ நிழல் விழ இடமில்லாமல் போயிற்று. இல்லாத நிழலை நீங்கள் ஓரங்களில் தேடியிருக்கிறீர்கள்.

ஆகவே ஒளியை வேறிடத்திலிருந்து கடன் வாங்க வேண்டும். ஒருநாள் காலை ஏழு மணியளவில் உங்கள் அம்மாவை டச்சுக்குடாக் கரைக்கு அழைத்துச் சென்று, கடல் அவரது ஒரு பக்கத்தில் இருக்கும்படி உட்கார வைத்துப் பாருங்கள். நம் ஊரில் சூரியன் கடற்பக்கத்திலிருந்து எழுவதால், அந்த நேரத்து வெளிச்சம் ஏறக்குறைய கிடையாக வந்து முகத்தின் ஒரு பாதியைத் தெளிவாக வெட்டிக் காட்டும். ஒளி படும் கன்னம் மஞ்சளேறியும், மறுகன்னம் வானத்தின் நீலத்தைச் சற்று வாங்கியும், தாடையின் அடிப்பகுதி மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தால் எதிர்பாராத அளவுக்கு இளஞ்சூடாகவும் இருப்பதைக் காண்பீர்கள். கன்ன எலும்பும் கண்குழியும் பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்கு வந்திருக்கும். அம்மாவின் முகத்தில் விழும் நிழலை அம்மம்மாவின் முகத்தில் இடுவதில் பெரிய பிழை வராது.

அதன் பிறகும் உடனே நிறத்தைத் தொட வேண்டாம். நான்கே நான்கு சாம்பல் சாயல்களை வைத்துக்கொண்டு முழு முகத்தையும் வரைந்து முடியுங்கள். 1989இல் வெளிவந்த கேம் போய் விளையாட்டுக் கருவியின் திரையில் நான்கு சாயல்கள்தான் இருந்தன. அதற்குள்ளேயே அக்கால ஓவியர்கள் முகங்களை வரைந்து காட்டினார்கள். அதே எல்லையை நீங்களாகவே விதித்துக்கொண்டால், கண்குழியும் முடியும் ஒரே இருட்டா, நெற்றியும் மூக்கின் மேடும் ஒரே வெளிச்சமா என்பதைத் தீர்மானித்தே ஆக வேண்டியிருக்கும். ஒருவரை அடையாளம் காட்டுவதில் பெரும்பங்கு இந்தப் பெரிய இருள்–ஒளித் திட்டுகளுக்கே உரியது. 1973இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் சதுரங்களாகக் குறைத்து சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் காட்டினார். அருகில் வைத்துப் பார்த்தால் வெறும் சதுரங்கள். தூரத்தில் வைத்தோ கண்ணைச் சுருக்கியோ பார்த்தால் சந்தேகமே இல்லாமல் லிங்கன். சதுரங்களின் கூரிய விளிம்புகள் கண்ணைத் திசைதிருப்புகின்றன. கண்ணைச் சுருக்கும்போது அந்த விளிம்புகள் மங்கி, அடியிலுள்ள முகம் மேலே வருகிறது. உங்கள் நான்கு சாயல் படத்தையும் அறையின் மறுகோடியில் நின்று அப்படிப் பாருங்கள். பிறகு அம்மாவிடம் நீட்டி, "இது ஆர்?" என்று இந்த முறை நீங்கள் கேளுங்கள். அவர் தயங்காமல் பதில் சொன்னால் மட்டும் நிறத்துக்கு வரலாம்.

இனிச் சாம்பல் பூத்த கதை. பிக்சல் ஓவியச் செயலிகள் பெரும்பாலானவற்றில் ஒரு நிறத்தை மூன்று எண்களால் குறிக்கலாம்: நிறவட்டத்தில் அது நிற்கும் பாகை (சிவப்பில் 0 என்று தொடங்கி, சுற்றி வந்து 360இல் மறுபடி சிவப்பையே அடையும்), அதன் செறிவு, அதன் பிரகாசம் (இவை இரண்டும் நூற்றுக்கு). உங்கள் அடிப்படை மண்ணிறம் 22, 55, 55. அதில் வெள்ளையைக் கலந்து பிரகாசத்தை 85க்கு உயர்த்தியபோது, பாகை 22இலேயே அசையாமல் நிற்க, செறிவு 12க்கு விழுந்துவிட்டது. செறிவு வற்றிய அந்த வெளிர்நிறத்தைத்தான் உங்கள் கண் சாம்பல் என்கிறது. நிழற்பக்கத்தில் கறுப்பைக் கலந்தபோதும் பாகை அதே 22தான். வெயிலிலோ நிழலிலோ உண்மையான தோல் ஒருபோதும் ஒரே பாகையில் நிற்பதில்லை.

நான் நம்மவர் முகங்களுக்குப் பயன்படுத்தும் ஆறு படிகளைச் சொல்கிறேன். உங்கள் படத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆக இருண்ட படி 330, 50, 20. அதற்கு மேலே 350, 56, 34. நடுநிழல் 10, 60, 50. சாதாரணத் தோல் 20, 56, 66. வெளிச்சம் படும் தோல் 28, 46, 82. ஆக வெளிச்சமான படி 38, 30, 93. இருளை நோக்கிப் போகையில் நிறம் சிவப்பைக் கடந்து ஊதாப் பக்கம் சாய்வதையும், ஒளியை நோக்கி வருகையில் மஞ்சளை நெருங்குவதையும், செறிவு நடுநிழலில் உச்சத்தைத் தொட்டு இரு முனைகளிலும் குறைவதையும் கவனியுங்கள். அந்த உச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. தோலுக்குள் சிறிது தூரம் புகுந்து சிதறி வெளிவரும் ஒளி சிவப்பேறி வருகிறது. நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் எல்லையில்தான் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரியும். காதுமடலின் பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்த எந்தச் சிறுவனுக்கும் இது தெரிந்த விடயமே.

ஆறாவது படியைக் கஞ்சத்தனமாகச் செலவிடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தோல் நிறத்தட்டுகளில், அதாவது முன்கூட்டியே தெரிந்தெடுத்த நிறத் தொகுப்புகளில், பல வெளுத்த தோலை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அவற்றில் வெளிச்சம் அகன்ற திட்டாகப் பரவும். கறுத்த தோலில் மினுக்கம் சிறியதாகவும் கூர்மையாகவும் நெற்றி மேட்டிலும் மூக்கின் நுனியிலும் கன்ன எலும்பின் மேலும் மட்டுமே விழும். அது தோலின் நிறத்தை விட ஒளி தரும் பொருளின் நிறத்தையே அதிகம் காட்டும். எனவே நிழற்பக்கக் கன்ன எலும்பில் வானத்தை நினைத்து 215, 25, 60 என்ற நீலச்சாம்பலை மூன்று நான்கு பிக்சல்களில் வைத்துப் பாருங்கள். வைத்த கணத்தில் கன்னம் திரும்பி நிற்பது போலத் தோன்றும்.

நரைமுடிக்கு நீலம் கலந்திருக்கிறீர்கள், அது தேவையில்லை. பாரிஸில் கோபலான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவைப் பொறுப்பேற்றிருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்ற முறைப்பாட்டை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களில் இருக்கிறது என்று கண்டார். 1839இல் அதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார். மண்ணிறத் தோலுக்கு அருகில் வைக்கப்படும் நிறமற்ற சாம்பல் தானாகவே நீலம் பூசிக்கொள்ளும். அதே காரணத்தால், சேலையின் பச்சையை நீங்கள் அடர்த்தியாக்கினால், தோலில் ஒரு பிக்சலையும் தொடாமலே முகம் சிவக்கும்.

41 நிறங்களை 16க்குள் கொண்டுவரலாம். படத்தை உண்மையான அளவில் வைத்துக்கொண்டு, எந்த இரண்டு நிறங்களுக்கு இடையே உங்களால் வேறுபாடு காண முடியவில்லையோ அவற்றை ஒன்றாக்குங்கள். பிறகு ஒரு நிறத்துக்கு இரண்டு வேலை கொடுங்கள்: தோலின் ஆக இருண்ட படியே கண்மணிக்கும் சேலைக் கரையின் மடிப்புக்கும் போதும், முடியின் சாம்பலே கண்ணின் வெள்ளைக்கும் பொருந்தும். கண்ணின் வெள்ளையைத் தூய வெள்ளையாக வைப்பது பலர் செய்யும் பிழை. இமையின் நிழல் அதன்மேல் எப்போதும் விழுந்துகொண்டிருக்கிறது. அஸ்பிரைட் போன்ற செயலியில் நிறத்தட்டோடு கட்டுண்ட முறையில் வேலை செய்தால், தட்டில் ஒரு நிறத்தை மாற்றும்போது அது படமெங்கும் மாறிவிடும். நிறங்களுக்கிடையே உறவு எப்படி உண்டாகிறது என்பதை அதைவிட விரைவாகக் கற்றுத்தரும் வழியை நான் கண்டதில்லை.

முகத்தைச் சுற்றியுள்ள கறுப்புக் கோட்டை நிழற்பக்கத்தில் தோலின் ஆக இருண்ட படியால் மாற்றுங்கள். ஒளிப்பக்கத்தில், பின்னணி இருட்டாக இருந்தால், கோட்டை முழுவதுமாக அழித்துவிடலாம்.

கடைசியாகச் சுருக்கங்கள். நெற்றியில் நான்கு, கண்ணோரம் மூன்று மூன்று, வாயோரம் இரண்டு என்று அத்தனையையும் கோடாக இழுத்திருக்கிறீர்கள். 64 பிக்சல் அகலத்தில் அது முகத்தைத் தேசப்படமாக்கிவிட்டது. மூக்கிலிருந்து வாயின் ஓரத்துக்கு இறங்கும் மடிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் தோலுக்கு அடுத்த இருண்ட படி நிறத்தில், தொடர்கோடாக இல்லாமல் இடைவெளி விட்டு விட்டு வரையுங்கள். நெற்றியில் இருக்கும் திருநீற்றைப் படத்திலேயே ஆக வெளிறிய நிறமாக்குங்கள். மூக்குத்திக்கு ஒரே ஒரு பிக்சல் போதும். ஆனால் அந்தப் பிக்சலைச் சுற்றியுள்ள நான்கும் நடுநிழலாக இருக்கட்டும், அப்போதுதான் அது மின்னும்.

கேள்வி (மூதூரிலிருந்து ஒரு மாணவர்): முகத்தின் தாடைக்கோடு எப்படி வரைந்தாலும் உடைந்த படிக்கட்டு மாதிரி வருகிறது. மென்மையாக்கினால் மங்கிப்போகிறது. 16க்கு 16 கட்டத்தில் அப்பப்பாவின் முகத்தை வரைய முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, பன்பாய் இழைப்பவர்களை அருகில் இருந்து பார்த்திருப்பீர்கள். பாயில் வளைகோடு கிடையாது; எல்லாம் படிகள்தான். ஆனாலும் படிகளின் நீளத்தை ஒழுங்காகக் கூட்டியும் குறைத்தும் இழைத்தால் கண்ணுக்கு அது வளைவாகத் தெரிகிறது. உங்கள் படத்தில் காதின் அடியிலிருந்து இறங்கும் கோட்டின் துண்டுகளை எண்ணினேன்: 6, 2, 4, 1, 3 பிக்சல்கள். நீளம் குறைந்து, கூடி, மறுபடி குறைவதால் ஒவ்வொரு இடத்திலும் கோடு முறிகிறது. அதையே செங்குத்தாக 6, 4, 2, 1 என்று குறைத்துக்கொண்டு வந்து, தாடையின் மூலையில் ஓரிரு தனிப் பிக்சல்களால் சாய்வாகத் திரும்பி, பிறகு கிடையாக 2, 3, 5 என்று கூட்டிக்கொண்டு நாடிக்குப் போங்கள். வேறெதுவும் செய்யாமலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

மீதிக்குத்தான் ஆன்டி-அலையசிங். படி மாறும் மூலையில் தோலுக்கும் பின்னணிக்கும் இடைப்பட்ட ஒரு நிறத்தை வைப்பதே அது. நீண்ட துண்டின் முனையில் அந்தத் துண்டின் பாதி நீளத்துக்கு மேற்படாமல் வையுங்கள். ஒவ்வொரு பிக்சலாகச் சாயும் கோட்டில் வைக்கவே வேண்டாம். நீங்கள் கோடு முழுவதையும் அப்படிச் சுற்றிவிட்டதால்தான் படம் கண்ணாடி கழற்றியவர் பார்ப்பது போல இருக்கிறது. இடைநிறத்தைப் புதிதாக உண்டாக்காமல், நிறத்தட்டில் ஏற்கெனவே உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

16க்கு 16இல் முகம் வரையலாம். ஆனால் எதை விடுவது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். 1981இல் வெளிவந்த டொங்கி கொங் விளையாட்டுக்கு ஷிகெரு மியமோட்டோ வரைந்த சிறிய மனிதன் பின்னாளில் மாரியோ ஆனான். அத்தனை சிறிய இடத்தில் வாயை வரைய முடியாததால் பெரிய மூக்கும் மீசையும், முடியை வரைவது கடினமாக இருந்ததால் தொப்பியும் அவனுக்குக் கிடைத்தன. உங்கள் அப்பப்பாவிடம் மற்றவர்களிடம் இல்லாத இரண்டு அடையாளங்கள் எவை? தடித்த கண்ணாடியா, காதோர நரையா? அந்த இரண்டுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு மிஞ்சியதைக் கண்களுக்குக் கொடுங்கள். மூக்குக்கு ஒரு நிழற்பிக்சல் தாராளம்.

கேள்வி (கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியர்): புகைப்படத்தைச் செயலியில் கொடுத்தால் நொடியில் பிக்சல் படமாக்கித் தருகிறதே, பிறகு ஏன் கையால் வரைய வேண்டும்? நிறங்கள் குறைவாக இருக்கும்போது டிதரிங் செய்யலாமா?

பதில்: செயலி ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் விழும் நிறங்களைச் சராசரியாக்குகிறது, அல்லது அவற்றுள் ஒன்றைப் பொறுக்கி எடுக்கிறது. கண்மணியும் இமையும் கண்ணின் வெள்ளையும் ஒரே சதுரத்துக்குள் விழுந்தால் சேற்று நிறம் ஒன்று கிடைக்கும். கன்னமும் கண்ணும் அதற்குச் சமமான இடங்கள். பார்க்கும் மனிதருக்கு அவை சமமல்ல. மாணவர்களுக்குக் கற்பிக்கையில் செயலி தந்த படத்தை மங்கலான கீழ்லேயராக, அதாவது வரையும் படத்துக்கு அடியில் விரித்த தனித் தாள் போல, வைத்து, அளவுகளுக்காக மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்த லேயரை அழித்துவிடட்டும்.

இரண்டு நிறங்களைச் சதுரங்கப் பலகை போல மாற்றி மாற்றி வைத்து மூன்றாவது நிறம் இருப்பதாகக் காட்டுவதே டிதரிங். செயலிகள் இதைத் தாமாகச் செய்யப் பயன்படுத்தும் வழிகளில் பெயர்பெற்றது 1976இல் வெளியான பிளாய்ட்–ஸ்டைன்பெர்க் முறை. பழைய தொலைக்காட்சித் திரைகள் அடுத்தடுத்த பிக்சல்களைத் தாமாகவே குழைத்துக் காட்டியதால் அக்காலத்தில் இது நன்றாக எடுபட்டது. இன்றைய கூர்மையான திரையில் கன்னத்தில் டிதரிங் செய்தால் அம்மைத் தழும்பு போலத் தெரியும். பின்னணி வானத்துக்கும், பருத்திச் சேலைக்கும், ஒருநாள் தாடிக்கும் அதைப் பயன்படுத்தலாம். முகத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ள நல்ல ஓவியர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி (நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர்): என்னிடம் கணினி இல்லை. கைத்தொலைபேசியின் திரை விரலுக்குச் சிறிதாக இருக்கிறது. பழக வேறு வழி உண்டா?

பதில்: சதுரக் கோடிட்ட கொப்பி ஒன்றும் பென்சிலும் போதும். 1984இல் வெளிவந்த மக்கின்டோஷ் கணினிக்கான சின்னங்களைச் சூசன் கெயர் அப்படித்தான் தொடங்கினார். கட்டத்தாளில் 32க்கு 32 சதுரங்களை அடைத்து, ஒவ்வொரு சதுரத்தையும் நிரப்பியோ வெறுமையாக விட்டோ வரைந்தார். நீங்கள் இன்னும் சிறிது வசதியாக, பென்சிலை அழுத்தும் அளவால் நான்கு சாயல்கள் வைத்துக்கொள்ளலாம். கணினி கிடைக்கும் நாளில், பிஸ்கெல், லிப்ரேஸ்பிரைட் ஆகிய இலவசச் செயலிகளில் அதைச் சதுரம் சதுரமாக ஏற்றிவிடலாம்.

கேள்வி (தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகி): வரைந்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கலாகிறது. அதைச் சட்டமிட்டுப் பரிசாகக் கொடுக்க அச்சிடவும் வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: 64 பிக்சல் படத்தை அப்படியே அனுப்பினால், பெறுபவரின் தொலைபேசி அதைத் தன் விருப்பப்படி பெரிதாக்கிக் குழைத்துவிடும். அனுப்புவதற்கு முன் நீங்களே 16 மடங்கு பெருக்கி 1024 ஆக்குங்கள். பெருக்கும்போது, நிறங்களைக் குழைக்காமல் ஒவ்வொரு சதுரத்தையும் அப்படியே பெரிதாக்கும் நியரஸ்ட் நெய்பர் என்ற முறையைத் தெரிவு செய்வதும், மடங்கு முழு எண்ணாக இருப்பதும் கட்டாயம். பதினைந்தரை மடங்கு என்றால் சில சதுரங்கள் பருத்தும் சில மெலிந்தும் போகும். சதுரங்களின் விளிம்பைக் கலங்கச் செய்யும் ஜேபெக் கோப்பாகச் சேமிக்க வேண்டாம், பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக இல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

அச்சுக்கு 24 மடங்கு பெருக்கினால் 1536 பிக்சல்கள் வரும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் அது ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர் சதுரமாக அச்சாகும். ஒவ்வொரு பிக்சலும் இரண்டு மில்லிமீற்றர் அளவில் இருப்பதால், கையில் வைத்தால் சதுரங்களும் சுவரில் மாட்டினால் முகமும் தெரியும். திரையில் பிரிந்து தெரிந்த ஆக இருண்ட இரண்டு படிகள் தாளில் ஒன்றாகிவிடுவது வழக்கம். முழுப்படத்தையும் அச்சிடக் கொடுக்கும் முன், கண்ணும் முடியும் வரும் ஒரு துண்டை மட்டும் அதே தாளில் அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டும் கலந்துவிட்டிருந்தால், மேற்படியின் பிரகாசத்தை ஐந்தாறு கூட்டிவிட்டு மறுபடி ஒரு துண்டு அச்சிடுங்கள்.